ஆயில் சீல் மாற்றியும் ஒழுகுதா? முதலில் பிரீதரைப் பாருங்கள்

இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் மாற்றியாச்சு, கிராங்க் ஆயில் சீல் மாற்றியாச்சு. ஒரு மாதம் கழித்துக் குனிந்து பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் ஈரம். காங்கேயம் பக்கம் உள்ள என் பட்டறைக்கு நிறைய டர்போ (இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் விசிறி) வண்டிகள் இந்தக் கதையோடுதான் வருகின்றன. "ஏனுங்ண்ணா, நல்ல சீல்தானுங்களே போட்டாங்க?" என்று கேட்பார்கள். நல்ல சீல்தான். உள்ளேயிருந்து காற்று தள்ளிக்கொண்டே இருந்தால் எந்தச் சீலும் நிற்காது.

பிஸ்டன் ரிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் கொஞ்சம் அதைத் தாண்டிக் கீழே, கிராங்க் சுற்றும் அடி அறையான கிராங்க் கேஸுக்குள் இறங்கும். பட்டறைகளில் இதை 'பேக் கம்ப்ரஷன்' என்போம். டர்போ டீசலில் எரியும் நேரத்து அழுத்தம் 150 பாரைத் தாண்டும், அதனால் புது இன்ஜினிலும் இது இருக்கும். அந்த வாயு வெளியேற ஒரு மூக்கு வேண்டும், அதுதான் பிரீதர். வாயு டேப்பட் கவரில் உள்ள ஆயில் செபரேட்டர் வழியாகப் போகும்போது ஆயில் துளிகள் பிரிந்து கீழே விழும். மிச்சக் காற்று ஒரு ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் போய்ச் சேரும், டர்போ அதை இழுத்து இன்ஜினுக்கே அனுப்ப, அங்கே மறுபடி எரியும். இந்த வழி அடைத்தாலோ, வழிக்குத் தாங்காத அளவு காற்று இறங்கினாலோ அழுத்தம் ஏறும். ஏறினால் எங்கே பலவீனமோ அங்கே ஆயில் வெளியே வரும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இன்ஜினைக் கழுவுங்கள். ஆல்டர்னேட்டரையும் சென்சார் சாக்கெட்டுகளையும் பாலித்தீனால் மூடிவிட்டு டிகிரீஸர் போட்டு, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அப்புறம் சந்தேகமான இடங்களில் முகப் பவுடரை லேசாகத் தூவி 20 கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஈரம் முதலில் தொட்ட இடத்தில் பவுடர் கறுத்துப் போயிருக்கும். ஆயில் கீழே வழியும், ஓடும்போது காற்றில் பின்னால் பறக்கும். ஆகவே சொட்டும் இடத்தை நம்பாதீர்கள், ஈரமான இடங்களில் எது ஆக உயரமோ அதைப் பிடியுங்கள். கியர் பாக்ஸ் இறக்கிப் பின் கிராங்க் சீல் மாற்றிய பிறகு, ஒழுகியது மேலே டேப்பட் கவரின் பின் மூலையிலிருந்து என்று தெரிந்தால் அந்த வயிற்றெரிச்சல் லேசில் ஆறாது.

ஆயில் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று அடிக்கிறது, டிப் ஸ்டிக் எம்பி நிற்கிறது

இதைப் பார்த்ததும் "ரிங் போச்சு, இன்ஜின் இறக்கணும்" என்று சொல்லும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அவசரப்படாதீர்கள். டீசலில் மூடியைத் தளர்த்தி மேலே வைத்தால் அது கொஞ்சம் ஆடும், பிஸ்டன்கள் ஏறி இறங்கும் துடிப்பு அது. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. டிப் ஸ்டிக் தானாக மேலே வருகிறது, அதன் குழாய் வாயில் ஆயில் தெறித்திருக்கிறது என்றால் அது கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலில் ஓட விட்டு, மூடியைக் கழற்றி அந்த வாயில் ஒரு பால் கவரை விரித்து வையுங்கள். லேசாக உள்ளே இழுபட்டாலோ, சும்மா துடித்துக்கொண்டிருந்தாலோ கவலை இல்லை. பலூன் மாதிரி உப்பினால் அளக்க வேண்டும். கவர் உள்ளே போய்விடாமல் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். விசையாக உள்ளே இழுக்கிறது, கவரைப் பிய்த்து எடுக்க வேண்டியிருக்கிறது என்றால் அது வேறு கோளாறு. அதைப் பெட்ரோல் பகுதியில் சொல்கிறேன். அந்த வண்டியில் அடுத்து வரும் தண்ணீர்ச் சோதனையைச் செய்யாதீர்கள், தண்ணீரை இன்ஜினுக்குள் இழுத்துவிடும்.

அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் அந்தத் தெளிவான டியூப் மூன்று நான்கு மீட்டர் வாங்குங்கள். ஒரு பலகையில் 'ப' எழுத்து மாதிரி வளைத்துக் கட்டி, பாதி வரை தண்ணீர் ஊற்றி, தெரிவதற்குக் கொஞ்சம் மஞ்சள் தூள் கலந்துகொள்ளுங்கள். ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் காற்றுப் போகாமல் மாட்டுங்கள், மறு முனை திறந்திருக்கட்டும். ஆயில் மூடியையும் மூடிவிடுங்கள். இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அழுத்தம். 10 சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 10 மில்லிபார். ஐடிலிலும் 2,500 ஆர்பிஎம்மிலும் பார்த்துக் குறித்து வையுங்கள். வண்டிக்கு வண்டி அளவு மாறும், கம்பெனி மேனுவலில் இருந்தால் அதுதான் கணக்கு. என் அனுபவத்தில் ஐடிலில் தண்ணீர் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் ஆடினால் விட்டுவிடுவேன். ஐடிலிலேயே 10 சென்டிமீட்டர் தள்ளி, ரேஸ் கொடுத்தால் இன்னும் ஏறினால் தேட ஆரம்பிப்பேன்.

அழுத்தம் இருக்கிறது, ஆனால் காற்று எங்கிருந்து வருகிறது?

பிரீதர் ஹோஸை டர்போவுக்குப் போகும் பைப்பில் இருந்து கழற்றி, தொங்க விடுங்கள். பைப்பில் உள்ள ஓட்டையை டேப்பால் மூடிவிடுங்கள், தூசு டர்போவுக்குள் போகக் கூடாது. இப்போது இன்ஜினை ஓட விட்டு, ஹோஸ் முனையில் கை வையுங்கள். அப்புறம் ஆயில் மூடி வாயில் கை வையுங்கள். மூடி வாயில் பலமாக அடிக்கிறது, ஹோஸ் முனையில் மூச்சே இல்லை என்றால் நடுவில் இருக்கும் செபரேட்டர் அடைத்திருக்கிறது. இதுதான் நீங்கள் வேண்டிக்கொள்ள வேண்டிய பதில். செபரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயிலோ டீசலிலோ ஊற வைத்துக் கழுவலாம். உள்ளே டயாஃப்ரம் இருந்தால் அது கெட்டுவிடும், அந்த வகையை மாற்றிவிடுவதே நல்லது.

ஹோஸ் முனையிலும் பம்பு செட் மாதிரி அடித்தால் நிஜமாகவே காற்று அதிகம். அப்போதும் ரிங்கை உடனே குற்றம் சொல்லாதீர்கள். டீசல் கார்களில் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கான வேக்குவம் பம்பு பெரும்பாலும் கேம் ஷாஃப்ட் முனையில் இருக்கும். அது இழுக்கும் காற்றை இன்ஜினுக்குள்தான் விடும். பூஸ்டரிலோ வேக்குவம் டியூபிலோ கசிவு இருந்தால், வெளிக்காற்றை இடைவிடாமல் இழுத்துக் கிராங்க் கேஸில் கொட்டிக்கொண்டே இருக்கும். நிறுத்திய வண்டியில் அந்த டியூபைப் பம்பிலிருந்து கழற்றி, பம்பின் வாயை ரப்பர் அடைப்பால் மூடி, தண்ணீர் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் சட்டென்று இறங்கினால் கோளாறு பிரேக் பக்கம். பெடல் கெட்டியாக இருக்கிறது என்று ஓட்டுநர் முன்பே சொல்லியிருப்பார், யாரும் அதையும் இதையும் முடிச்சுப் போட்டிருக்க மாட்டார்கள். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஏர் பிரேக் கம்ப்ரசர் ரிங் தேய்ந்தால் இன்ஜின் பேக் அடிக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காரிலும் அதே மாதிரிதான். சோதனை முடிந்ததும் டியூபை மறக்காமல் மாட்டுங்கள், பிரேக் விஷயம்.

இன்ஜெக்டர் அடி வாஷர் இன்னொன்று. 'சக் சக்' என்ற சத்தம், இன்ஜெக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்புப் படிவு. இன்ஜெக்டர் டேப்பட் கவருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் இன்ஜின்களில் அந்த வாயு நேராக உள்ளே போகும். கூடவே போகும் கரி ஆயில் ஸ்ட்ரெயினரை அடைக்கும். செப்பு வாஷர் சின்னப் பொருள், ஆனால் இதை நீட்டி விட்டால் பேரிங் வரை போகும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் கம்ப்ரஷன் பாருங்கள். தனி எண்ணை விடச் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசம் முக்கியம். மூன்று சிலிண்டர் ஒரே மாதிரி இருந்து, நான்காவது தனியாக இறங்கியிருந்தால் ஆள் கிடைத்துவிட்டார். பெட்ரோல் இன்ஜின் என்றால் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கலாம், கம்ப்ரஷன் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. டீசலில் இந்த வேலை வேண்டாம். பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, ஆயில் நசுங்காது, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் ராடு வளையும்.

அதை விட நல்லது லீக் டவுன். பிஸ்டனை மேலே நிறுத்தி, இரண்டு டயல் உள்ள கேஜ் வழியாகக் காற்று ஏற்றி, எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது. 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல உடம்பு, 20ஐத் தாண்டினால் காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் மூடியில் உஸ் என்றால் ரிங் அல்லது போர் (சிலிண்டர் சுவர்), சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டால் இன்லெட் வால்வு, ரேடியேட்டர் டேங்கில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட். காற்று ஏற்றும்போது கிராங்க் உதறும், ஃபேன் பெல்ட் பக்கம் கை இருக்கக் கூடாது. இவ்வளவும் பார்த்து ரிங் என்று உறுதியானால் இன்ஜினை இறக்கலாம், நான் தடுக்க மாட்டேன்.

இன்டர்கூலர் பைப்பில் ஆயில்

"டர்போவே மாத்தீட்டனுங்க, மறுபடியும் ஆயில் வருதுங்க" என்று ஒருவர் வந்தார். இந்த ஒரு அறிகுறியில்தான் எனக்குத் தெரிந்து பணம் ஆக அதிகமாக வீணாகிறது.

டர்போ அழுத்திய காற்றைக் குளிர வைப்பது இன்டர்கூலர். அதன் பைப்பின் உள்ளே விரல் விட்டால் ஆயில் பிசுக்கு ஒட்டும், அது சாதாரணம். பிரீதர் காற்றில் வரும் ஆயில் ஆவி அந்த வழியாகத்தான் போகிறது. கழற்றினால் டம்ளர் கணக்கில் கொட்டினால்தான் கோளாறு. அப்படிக் கொட்டினாலும் ஆயில் இரண்டு வழியில் வந்திருக்கலாம், பிரீதர் வழியாகவோ டர்போ ஷாஃப்ட் வழியாகவோ. டர்போவுக்கு முன்னால், பிரீதர் ஹோஸ் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கேயே ஆயில் தேங்கியிருந்தால் டர்போ மேல் பழி போடாதீர்கள். முன்னால் காய்ந்து, பின்னால் மட்டும் ஈரமாக இருந்தால்தான் டர்போ பக்கம் திரும்ப வேண்டும்.

அப்போதும் டர்போ கெட்டது என்று ஆகிவிடாது. சின்ன டர்போக்களின் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். அந்த வேகத்தில் ரப்பர் சீல் தாங்காது, அதனால் அதற்குள் இருப்பது பிஸ்டன் ரிங் மாதிரியான மெல்லிய வளையங்கள் மட்டும்தான். ஆயில் மேலிருந்து அழுத்தத்தோடு வரும், நுரைத்துப்போய்த் தன் எடையிலேயே ரிட்டர்ன் பைப் வழியாக இன்ஜினின் அடித் தொட்டியான சம்புக்கு இறங்கும். ஃபீட் பைப் பென்சில் பருமன், ரிட்டர்ன் பைப் அதைப் போலப் பல மடங்கு. சம்பில் அழுத்தம் இருந்தால் ஆயில் இறங்காது. இறங்காவிட்டால் டர்போவுக்குள் தேங்கி, வளையத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் வழியும். புது டர்போ போட்டாலும் வழியும்.

அந்த வண்டியில் பிரீதர் நன்றாக இருந்தது. ரிட்டர்ன் பைப்பைக் கழற்றினேன். ஃபிளாஞ்சில் கேஸ்கட்டுக்குப் பதிலாக யாரோ சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசியிருந்தார்கள். உள்ளே பிதுங்கி, காய்ந்து, ஓட்டையில் பாதியை அடைத்திருந்தது. கத்தி முனையால் சுரண்டி எடுத்து, பேப்பர் கேஸ்கட் போட்டு அனுப்பினேன். கழற்றிய பழைய டர்போவை அவர் டிக்கியில் வைத்திருந்தார். ஆட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடியது, ஆயில் படலத்துக்கான இடைவெளி அது, பிளேடு சுவரைத் தொடவில்லை. முன்னும் பின்னும் ஆட்டமே இல்லை. நல்ல டர்போ. அதை அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஏர் ஃபில்டரையும் இதே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் அடைத்தால் டர்போ காற்றுக்காக ஏங்கி, ஷாஃப்ட் பக்கத்திலிருந்தும் பிரீதரிலிருந்தும் ஆயிலைச் சேர்த்து உறிஞ்சும். நம் பக்கத்துத் தூசு லேசுப்பட்டதல்ல. காங்கேயத்தில் ரைஸ் மில் உமி, பல்லடத்தில் மில் பஞ்சு, பொள்ளாச்சியில் தென்னை நார்த் தூள், கரூர் ரோட்டில் கிரஷர் புழுதி. மேனுவல் சொல்லும் கிலோமீட்டரை இங்கே அப்படியே நம்பினால் பாதி வழியிலேயே ஃபில்டர் போர்வை ஆகிவிடும்.

விசில் சத்தம், ஐடில் ஏறி இறங்குகிறது, ஆயில் மூடி கழற்ற வரமாட்டேன் என்கிறது

இது பெரும்பாலும் டர்போ பெட்ரோல். பெட்ரோல் இன்ஜினில் ஐடிலில், காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டுக்குள் வேக்குவம் இருக்கும், பிரீதர் வழியில் உள்ள பிசிவி வால்வு வழியாகக் கிராங்க் கேஸ் காற்றை அதுவே இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்பை அளவோடு வைப்பது ஒரு ரப்பர் டயாஃப்ரம். அது கிழிந்தால் வேக்குவம் முழுதாக உள்ளே இறங்கிவிடும். சீல் உதடு உள்பக்கமாக இழுபட்டு விசில் அடிக்கும், காற்று கணக்கில் வராமல் உள்ளே போவதால் ஸ்கேனரில் பி0171 என்று லீன் கோடு (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) வரும். மூடியைத் தளர்த்தினால் சத்தம் நின்றுவிடும். பல வண்டிகளில் டயாஃப்ரம் டேப்பட் கவரோடு சேர்த்தே வரும், தனியாகத் தர மாட்டார்கள்.

ஐடிலில் ஒன்றுமில்லை, மலை ஏறினால் மட்டும் ஒழுகுகிறது

டர்போ கொடுக்கும் அழுத்தமான பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் மேனிஃபோல்டில் வேக்குவம் போய் அழுத்தம் வரும். அப்போது பிசிவியில் உள்ள செக் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் டர்போ காற்று நேராகக் கிராங்க் கேஸுக்குள் பாயும். வால்வைக் கழற்றித் துடைத்து, சுத்தமான டியூப் வைத்து ஊதிப் பாருங்கள், ஒரு பக்கம்தான் போக வேண்டும். டீசலில் இதே அறிகுறி வந்து, கம்ப்ரஷனும் நன்றாக இருந்தால் டர்போவே வாயுவை ரிட்டர்ன் பைப் வழியாகக் கீழே தள்ளுகிறது என்று சந்தேகிக்கலாம். டர்போ நிஜமாகவே குற்றவாளியாக இருக்கும் இடம் இது.

பட்டறையில் நிறுத்தி ரேஸ் கொடுத்தால் பூஸ்ட் சரியாக வராது, லோடு வேண்டும். நான் மட்டக் குழாயைப் பானெட் ஓரமாக ஜன்னல் வழியே உள்ளே எடுத்து, பையனை மடியில் பலகையோடு உட்கார வைத்து, சிவன்மலைப் பாதையில் ஒரு முறை ஏறுவேன். ஏறும்போது தண்ணீர் எவ்வளவு போகிறது என்று அவன் கத்திச் சொல்வான். திறந்த முனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சீட்டெல்லாம் மஞ்சள் தண்ணீர்.

ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறது

டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். டீசல் வாடை வந்தால் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு டீசல் கார்களில் டிபிஎஃப் (புகைக் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உண்டு. அது கரியை எரிக்க, கூடுதலாக டீசல் தெளிக்கும். கோவைக்குள்ளேயே காந்திபுரத்துக்கும் சிங்காநல்லூருக்கும் நடுவில் மட்டும் ஓடும் வண்டியில் அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று, டீசல் சம்புக்கு இறங்கிவிடும். மட்டம் ஏறினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், நுரை பிரீதர் வழியே வரும். ஆயிலை மாற்றி, பைபாஸில் ஒரு நீண்ட ஓட்டம் விடுங்கள். ஆயில் மாற்றியவர் அரை லிட்டர் அதிகமாக ஊற்றியிருந்தாலும் இதே நுரைதான்.

மூடிக்கு அடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருந்தால், வண்டி வால்பாறையிலோ ஏற்காட்டிலோ குளிரில் சின்னச் சின்ன தூரம் ஓடுகிறதா என்று கேளுங்கள். அப்படி என்றால் வியர்த்த ஈரம்தான். கீழே வெயிலில் ஓடும் வண்டியில் அது இருந்து, கூலன்ட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டையோ ஆயில் கூலரையோ பாருங்கள்.

நீலப் புகை

காலையில் ஸ்டார்ட் செய்ததும் மட்டும் வந்தால் வால்வு சீல். சிக்னலில் நின்று கிளம்பும்போது வந்தால் வால்வு சீல் அல்லது டர்போ ரிட்டர்ன். லோடில் விடாமல் வந்தால் ரிங், அல்லது இன்டர்கூலரில் தேங்கிய ஆயில்.

டீசலில் அந்தத் தேங்கிய ஆயில் ஒரேயடியாக உள்ளே போனால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்து ஓட ஆரம்பிக்கும். சாவியை அணைத்தாலும் நிற்காது, ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுதாக மிதித்து, டாப் கியர் போட்டு, கிளட்ச்சை விடுங்கள், இன்ஜின் அடங்கும். ஆட்டோமேட்டிக் என்றால் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையால் அடைக்காதீர்கள். அதற்குள் சத்தம் மிஞ்சிப் போய்விட்டது என்றால் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள், ராடு வெளியே வரலாம். இன்டர்கூலரில் ஆயில் கொட்டிய வண்டியை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஓட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

எல்லாம் சரி செய்தும் புகை நிற்கவில்லை

இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து வடித்தீர்களா? பைப்புகளைத் துடைத்தீர்களா? சைலன்சரில் ஊறிய ஆயில் எரிந்து தீரக் கொஞ்ச தூரம் ஆகும், 100 கிலோமீட்டர் வரை நான் ஒன்றும் சொல்வதில்லை. அதற்கு மேலும் வந்தால் மட்டக் குழாயை மறுபடி மாட்டுவேன். சீல், பேக்கிங் எதுவானாலும் தண்ணீர் மட்டம் இறங்கிய பிறகுதான் மாற்றுவேன். பின் கிராங்க் சீல் லேசாக வியர்க்கும் வண்டிகளில், அழுத்தம் இறங்கியதும் ஒழுகல் தானாக நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் கியர் பாக்ஸை இறக்கும் முன் 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன், ராத்திரி அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் எத்தனை சொட்டு என்று எண்ணிக்கொண்டு.